கெமிஸ்தம் முதல் வாய்பாடு வரை: தென்திருவிதாங்கூர்ச் சூழலில் ஒரு வேதியியல் கலைச்சொல்லின் வரலாறு

1875ஆம் ஆண்டில் நாகர்கோவில் இலண்டன் மிசன் அச்சுக்கூடத்திலிருந்து 'கெமிஸ்தம்' என்னும் தமிழ் நூல் வெளிவந்தது. அமெரிக்கரான டேவிட் ஏ. வெல்சு எழுதிய வேதியியல் பாடநூலின் தமிழாக்கம் அது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த சாமுவேல் பிசுக் கிரீன் (1822–1884) மேற்பார்த்துத் திருத்திய நூல்வரிசையுள் ஒன்று. தமிழ் உரைநடை வரலாற்றை எழுதியோர் கிரீனின் மருத்துவ நூல்களை ஓரிரு வரிகளிலேனும் குறிப்பிட்டுள்ளனர். வேதியியல் நூலைப் பெரிதும் எடுத்துப் பேசியதில்லை. அந்நூல் அச்சேறிய இடம் அன்றைய திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள், தலைநகராகிய திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் இருந்தது என்பதும் கவனிக்கப்படவில்லை.

ஒரு பொருளில் எந்தெந்தத் தனிமங்கள் எந்த அளவில் கலந்துள்ளன என்பதை எழுத்தாலும் எண்ணாலும் சுருக்கிக் காட்டுவதை இன்று 'வாய்பாடு' என்கிறோம். எளிய விகித வாய்பாடு, மூலக்கூறு வாய்பாடு என அது இருவகைப்படும். இவ்விரு கருத்துகளும் உலக வேதியியலில் எவ்வாறு உருப்பெற்றன, தமிழில் எவ்வாறு பெயர் பெற்றன என்பவற்றைத் தென்திருவிதாங்கூர்ச் சூழலை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நாகர்கோவில் அச்சும் திருவனந்தபுரமும்

இலண்டன் மிசன் சங்கத்தைச் சார்ந்த சார்லசு மீடு 1820ஆம் ஆண்டளவில் நாகர்கோவிலில் அச்சுக்கூடம் நிறுவினார். திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள் அமைந்த முதல் அச்சுக்கூடம் அதுவே. ஆட்சித் தலைநகரில் மலையாளம் மேலோங்கியிருந்தபோதிலும் நாஞ்சில் நாட்டுத் தமிழ் மக்களுக்கான அச்சு அங்கிருந்து இடையறாது நடந்துவந்தது. கடலுக்கு அப்பால் மானிப்பாயில் உருவான வேதியியல் நூல் இந்த அச்சுக்கூடத்தை வந்தடைந்ததில் வியப்பில்லை. தமிழ் அச்சின் நிலவியல் அரசியல் எல்லைகளுக்குள் அடங்கியதன்று.

கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். தம் மாணாக்கர்க்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு நூல்கள் வேண்டும். நூல்களுக்குச் சொற்கள் வேண்டும். அவரிடம் பயின்ற தமிழர்கள் மொழிபெயர்க்க, அவர் ஒப்பிட்டுத் திருத்தினார். கலைச்சொற்களைத் தனியே தொகுத்தும் வெளியிட்டார். முதலில் தமிழில் தேடுதல், கிடைக்காவிடின் வடமொழியை நாடுதல், அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல் என்பது அவர் கைக்கொண்ட முறை. தம் கல்லறையில் 'தமிழர்க்கான மருத்துவ ஊழியர்' என்று பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பெற்றது.

'கெமிஸ்தம்' என்னும் தலைப்பு அம்முறையின் மூன்றாம் படியைச் சேர்ந்தது. ஆங்கில வேரை எடுத்து 'அம்' ஈற்றைச் சேர்த்துத் தமிழ்ப் பெயர்ச்சொல்லாக்கிய வடிவம் அது. தமிழில் இரசவாதம் என்னும் சொல் இருந்தும் அதனைக் கொள்ளாமைக்குக் காரணம் ஊகிக்கத்தக்கதே. இழிந்த உலோகத்தைப் பொன்னாக்கும் முயற்சியின் நிழல் அச்சொல்லின்மீது படிந்திருந்தது. பிற்காலத்தார் கொண்ட 'வேதியியல்' என்னும் சொல்லும் உலோகத்தை மாற்றுதலைக் குறிக்கும் 'வேதித்தல்' என்னும் சித்தர் வழக்கின் அடியாகப் பிறந்ததே என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கிரீன் விலக்கியதைப் பின்வந்தோர் விரும்பி ஏற்றனர்.

திருவனந்தபுரத்திற்கும் இவ்வரிசைக்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய அரசுத் தொகுப்பு நூலை 1868இல் வெளியிட்ட எட்வர்டு ஜான் வேரிங் அதற்கு முன்னர்த் திருவிதாங்கூர் மன்னரின் அரண்மனை மருத்துவராக இருந்தவர். அவருடைய நூலும் கிரீன் குழுவினரால் தமிழாக்கம் பெற்றது. பின்னர், திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராயிருந்த பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) 1888இல் 'நூற்றொகை விளக்கம்' எழுதினார். அறிவுத்துறைகளை வகைப்படுத்திக் காட்டும் தமிழ் நூல் அது. 'மனோன்மணீயம்' தந்த புகழொளியில் இந்நூல் மறைந்து நிற்கிறது. ஒரு துறையைத் தமிழில் எழுதுவதற்கு முன்னர்த் துறைகளின் முறைவைப்பையே தமிழில் சிந்திக்க வேண்டும் என்று கருதிய ஒருவர் இந்நகரில் வாழ்ந்தார் என்பதற்கு அது சான்று.

நிறுவை ஒன்று, வாய்பாடு இரண்டு

வெல்சின் ஆங்கில நூல் முதலில் வெளிவந்தது 1858இல். இந்த ஆண்டு முக்கியமானது. அக்காலப் பாடநூல்கள் நீரை 'எச்ஓ' என எழுதின. அதாவது ஓர் ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். இன்று பள்ளிச் சிறுவரும் 'எச்2ஓ' என்பர். முன்னையோர் தவறாக நிறுத்துவிட்டனர் என்று கொள்வது பிழை. நிறுவை இருசாரார்க்கும் ஒன்றே.

9 கிராம் நீரைப் பகுத்தால் ஏறத்தாழ 1 கிராம் ஹைட்ரஜனும் 8 கிராம் ஆக்சிஜனும் கிடைக்கும். தராசு சொல்வது இவ்வளவே. இதிலிருந்து அணுக்களின் எண்ணிக்கையை அறிய, ஓர் ஆக்சிஜன் அணு ஓர் ஹைட்ரஜன் அணுவைப்போல் எத்தனை மடங்கு கனமானது என்பது தெரிந்திருக்க வேண்டும். 8 மடங்கு எனின் நீர் 'எச்ஓ' ஆகும். 16 மடங்கு எனின் 'எச்2ஓ' ஆகும். அணு எடையை அறிய வாய்பாடு வேண்டும்; வாய்பாட்டை அறிய அணு எடை வேண்டும். இந்தச் சுழலை ஜான் டால்டன் 1808இல் ஓர் எடுகோளால் அறுத்தார். இரண்டு தனிமங்கள் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம் மட்டும் அறியப்பட்டிருந்தால் அதில் ஒன்றுக்கு ஒன்று என்றே கொள்க என்பது அவர் வகுத்த விதி. எளிமையைத் தவிர அதற்கு வேறு சான்று இல்லை.

அதே காலத்தில் கே-லூசாக் வாயுக்களின் பருமனை அளந்தார். இரண்டு பருமன் ஹைட்ரஜன் ஒரு பருமன் ஆக்சிஜனோடு சேர்ந்து இரண்டு பருமன் நீராவியைத் தருகிறது. சம பருமனுள்ள வாயுக்களில், வெப்பமும் அழுத்தமும் ஒன்றாயின், சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் அவகாட்ரோ கூறினார். இதனை ஏற்றால் ஆக்சிஜன் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்தே நீராவியில் நுழைகிறது எனவும், நீர் மூலக்கூறு ஒன்றில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன எனவும் பெறப்படும். ஆயின் ஒரே தனிமத்தின் அணுக்கள் இரண்டு தமக்குள் இணையும் என்பதை அக்கால அறிஞர் ஏற்க மறுத்தனர். அவகாட்ரோவின் கருத்து அரை நூற்றாண்டுக் காலம் பொருட்படுத்தப்படாமல் கிடந்தது. 1860 செப்டம்பரில் செருமனியின் கார்ல்சுரூ நகரில் கூடிய வேதியியலார் மாநாட்டிலும் முடிவு எதுவும் எட்டப்படவில்லை. இத்தாலியரான கன்னிசாரோ 1858இல் எழுதிய சிறு வெளியீடு அங்கு வழங்கப்பட்டது. அதனை ஊருக்கு எடுத்துச் சென்று படித்தவர்கள் மனம் மாறினர். மாநாடு செய்யாததை ஒரு சிறு வெளியீடு செய்தது.

வெல்சின் மூல நூல் இம்மாநாட்டிற்கு இரண்டாண்டு முந்தியது. தமிழ்க் கெமிஸ்தம் 15 ஆண்டு பிந்தியது. உலகம் முழுவதும் பாடநூல்கள் குறியீட்டு முறையை மாற்றிக்கொண்டிருந்த இடைக்காலத்தில் இந்நூல் பிறந்தது. தமிழ் அறிவியல் மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுவோர், முடிந்துபோன ஓர் அறிவு மேலைநாட்டிலிருந்து காலந்தாழ்ந்து இங்கு வந்துசேர்ந்ததாகவே எழுதும் வழக்கம் உண்டு. கெமிஸ்தத்தைப் பொறுத்தவரை அது பொருந்தாது. நீரின் வாய்பாடே ஐரோப்பாவில் அப்போதுதான் நிலைபெற்றுக்கொண்டிருந்தது.

இங்கு ஒரு விந்தையும் உண்டு. 'எச்ஓ' என்னும் வாய்பாடு இன்று அழிந்துவிடவில்லை, உரிமை மாறியிருக்கிறது. 1818இல் தெனார் கண்டறிந்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓர் அணு ஹைட்ரஜனுக்கு ஓர் அணு ஆக்சிஜன் என்பதே எளிய விகிதம். எனவே அதன் எளிய விகித வாய்பாடு 'எச்ஓ'. மூலக்கூறு ஒன்றில் இவை இரட்டித்து நிற்பதால் மூலக்கூறு வாய்பாடு 'எச்2ஓ2'. விகிதம் வேறு, எண்ணிக்கை வேறு என்னும் பாகுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் பொருள் அரிது.

யாப்பிலக்கணம் காட்டும் வழி

வேதியியலார் ஒரு சேர்மத்தை எரித்தும் நிறுத்தும் அடையும் முடிவு மூன்று நிலைகளை உடையது. முதலாவது தனிமங்களின் எளிய விகிதம். இரண்டாவது மூலக்கூறு ஒன்றில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை. மூன்றாவது அவ்வணுக்கள் நிற்கும் முறை. தமிழ் யாப்பைக் கற்றவர்க்கு இம்மூன்றும் புதியன அல்ல.

தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் முதலியவற்றை 'வாய்பாடு' என வழங்குவது யாப்பு மரபு. புளிமா என்பது ஒரு மரத்தைச் சுட்டும் பெயராக அங்கு நிற்பதில்லை. நிரையும் நேரும் அவ்வரிசையில் வந்த சீர் அனைத்திற்கும் பொது அடையாளமாக நிற்கிறது. ஒரு பொருளை அதன் உறுப்பமைப்பால் மட்டும் சுட்டும் குறி என்பதே இச்சொல்லின் உட்கருத்து. பெருக்கல் வாய்பாட்டிலும் இக்கருத்துத் தொடர்கிறது. வேதியியலுக்கு இச்சொல்லைக் கொண்டவர்கள் யாப்பை நினைத்தனரோ, கணக்கை நினைத்தனரோ, எவ்வாறாயினும் சொல் பொருத்தமாக அமைந்துவிட்டது.

புளிமா நிரை நேர். கூவிளம் நேர் நிரை. இரண்டிலும் உள்ள அசைகள் ஒன்றே: ஒரு நேர், ஒரு நிரை. வரிசை மட்டும் வேறு. இனி நாலசைச் சீரில் தேமாநறுநிழலை நோக்குக: நேர் நேர் நிரை நிரை. கூவிளந்தண்ணிழலோ நேர் நிரை நேர் நிரை. இவற்றில் நேர் இரண்டு, நிரை இரண்டு. நேருக்கும் நிரைக்கும் உள்ள விகிதத்தை மட்டும் கேட்டால் இந்நான்கு சீர்களுக்கும் விடை ஒன்றே: ஒன்றுக்கு ஒன்று. இதுவே எளிய விகித வாய்பாடு. அசைகளின் எண்ணிக்கையைக் கேட்டால் புளிமாவும் கூவிளமும் ஓரணி. மற்றை இரண்டும் வேறோர் அணி. இது மூலக்கூறு வாய்பாடு. அசைகள் நிற்கும் முறையைக் கேட்டால் நான்கும் நான்காகப் பிரியும்.

வேதியியலில் இதற்கு நேரான எடுத்துக்காட்டு உண்டு. ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம், மெத்தில் ஃபார்மேட்டு ஆகிய மூன்றிலும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் 1:2:1 என்னும் விகிதத்தில் உள்ளன. முதலாவதன் மூலக்கூற்றில் அவ்வளவே. மற்றை இரண்டிலும் இரட்டித்து 2, 4, 2 ஆகின்றன. அவ்விரண்டும் எண்ணிக்கையால் ஒத்தும் அமைப்பால் வேறுபடுகின்றன. அசிட்டிக் அமிலம் 118 பாகை செல்சியசில் கொதிக்கும். மெத்தில் ஃபார்மேட்டோ 32 பாகையளவில், திருவனந்தபுரத்து நண்பகல் வெயிலிலேயே, கொதிநிலையை எட்டிவிடும். ஒரே கூட்டும் வேறு பண்பும் உடைய பொருள்கள் உண்டு என்பதை ஐரோப்பியர் 1820களில் முதன்முதலாகக் கண்டபோது பிழையான ஆய்வு என்றே ஐயுற்றனர். 1830இல் பெர்சீலியசு அதற்குப் பெயரிட்டார். அசைகள் ஒன்றாயினும் முறை மாறினால் சீர் வேறாகும், தளை வேறாகும், ஓசையும் வேறாகும் என்பதை யாப்பறிந்த தமிழ் மாணாக்கர் அதற்கு நெடுங்காலம் முன்னரே அறிவர். அவர்க்கு அது புதிராகத் தோன்றியிராது.

ஒப்புமைக்கும் எல்லை உண்டு. யாப்பு வாய்பாடு வரிசையையும் சேர்த்தே சொல்லும். எளிய விகித வாய்பாடு வரிசையைச் சொல்வதில்லை, எண்ணிக்கையையும் சொல்வதில்லை. யாப்பு வாய்பாட்டிற்கு வேதியியலில் நெருங்கிய உறவு அமைப்பு வாய்பாடே.

திருவிதாங்கூர் மலையடிவாரங்களில் விளைந்த எலுமிச்சைப்புல்லின் எண்ணெய் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியான பண்டம். அதன் மணத்திற்கு மூலமாகிய சிட்ரல் என்னும் பொருளைப் பகுத்தால் நூற்றுக்கு 78.9 பங்கு கார்பன், 10.6 பங்கு ஹைட்ரஜன், 10.5 பங்கு ஆக்சிஜன் எனக் கிடைக்கும். ஒவ்வொன்றையும் அதனதன் அணு எடையால் (12, 1, 16) வகுத்து, வந்த ஈவுகளுள் சிறியதால் மீண்டும் வகுத்தால் 10:16:1 என்னும் விகிதம் பெறப்படும். ஆவியின் அடர்த்தி ஹைட்ரஜனைப்போல் 76 மடங்கு. எனவே மூலக்கூறு எடை 152. விகிதத்தின் எடையும் 152 ஆதலின் இங்கு இருவகை வாய்பாடுகளும் ஒன்றே. கோயில்தோறும் ஏற்றும் கற்பூரத்தைப் பகுத்தாலும் இதே எண்கள் வரும். ஒன்று வெளிறிய மஞ்சள் நீர்மம். மற்றொன்று வெண்ணிறத் திண்மம். இரண்டிற்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்று.

மணவாளக்குறிச்சி மணல்

நாகர்கோவிலுக்கு மேற்கே கடற்கரையில் உள்ளது மணவாளக்குறிச்சி. 1909இல் செருமானிய வேதியியலாரான சோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு கலந்திருப்பதைக் கண்டார். அதன் பின்னர் அக்கடற்கரை உலகச் சந்தையில் இடம்பெற்றது. மோனசைட்டுக்காகத் தேடிய மணலில் இல்மனைட்டு என்னும் கருமணலே மிகுதி. வெண்ணிறச் சாயத்திற்குரிய டைட்டானியம் டை ஆக்சைடு அதில் உள்ளது. அச்சாயத்தைச் செய்வதற்கென்றே 1946இல் திருவனந்தபுரத்தில் ஆலை நிறுவப்பெற்றது.

தூய இல்மனைட்டில் இரும்பு 36.8, டைட்டானியம் 31.6, ஆக்சிஜன் 31.6 விழுக்காடு. முன்சொன்ன முறைப்படி வகுத்தால் 1:1:3 வரும். இதற்கு மூலக்கூறு வாய்பாடு கிடையாது. படிகத்தில் தனித்த மூலக்கூறு என ஒன்று இல்லாமையே காரணம். அணிவகுப்பு எல்லையின்றித் தொடர்வதால் விகிதம் ஒன்றையே சொல்லலாம். இவ்வாய்பாட்டின்படி டைட்டானியம் டை ஆக்சைடு 52.7 விழுக்காடே இருத்தல் வேண்டும். ஆயின் மணவாளக்குறிச்சி மணலில் 55 விழுக்காட்டை ஒட்டியும், கொல்லத்தை அடுத்த சவறைக் கரையில் 60 விழுக்காட்டளவிலும் உள்ளது. காற்றும் நீரும் நெடுங்காலம் தாக்கியதால் இரும்பின் ஒரு பகுதி கரைந்து நீங்க, டைட்டானியம் செறிந்தது. வணிகத்தில் மதிப்பைக் கூட்டியது வாய்பாட்டிலிருந்து விலகிய இப்பகுதியே. புத்தகத்து வாய்பாடு தூய பொருளுக்கு உரியது. மண்ணிலிருந்து அள்ளிய பொருளைத் தராசில் இட்டே அறிதல் வேண்டும்.

அனுபவமா, எளிய விகிதமா?

இங்ஙனம் தராசில் இட்டு அறிந்தது என்னும் கருத்தே இவ்வாய்பாட்டின் ஆங்கிலப் பெயரில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் பெர்சீலியசு பகுப்பாய்வில் நேரே கண்டதைக் காட்டும் வாய்பாட்டை ஒருவகையாகவும், அணுக்கள் இணைந்துள்ள முறையைக் கருதிக் கூறும் வாய்பாட்டை மற்றொரு வகையாகவும் பிரித்தார். முன்னது காட்சி, பின்னது கருதல். நம் அளவை நூலார் வழக்கில் சொன்னால் பிரத்தியட்சமும் அனுமானமும் ஆகும். எளிய விகிதம் என்னும் குறுகிய பொருள் பின்னரே நிலைத்தது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனை 'அனுபவச் சூத்திரம்' என்கின்றன. மற்றையதை 'மூலக்கூற்றுச் சூத்திரம்' என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'எளிய விகித வாய்பாடு' என்றும் 'மூலக்கூறு வாய்பாடு' என்றும் கூறுகின்றன. இலங்கை வழக்கு சொல்லின் வரலாற்றைக் காக்கிறது. தமிழ்நாட்டு வழக்கு பொருளை விளக்குகிறது. அனுபவம் என்பது இன்றைய தமிழில் வாழ்க்கைப் பட்டறிவையே பெரிதும் சுட்டுவதால் மாணாக்கர்க்கு அச்சொல் வழிகாட்டுவதில்லை. எனவே முதற்பகுதிக்கு 'எளிய விகித' என்பதே ஏற்புடையது. சூத்திரம், வாய்பாடு இரண்டனுள் சூத்திரம் தொல்லிலக்கண மரபினதாயினும் அது விதியைச் சொல்வது. உறுப்பமைப்பைக் குறிப்பது அன்று. நன்னூல் வகுக்கும் சூத்திர இலக்கணம் ஒரு சேர்மத்தின் குறியீட்டிற்குப் பொருந்துமா என்று பார்த்தால் இது விளங்கும். மலையாளமோ 'ராசசூத்திரம்' என வடமொழி வழியைக் கொண்டது. மூலக்கூறுக்கு அம்மொழி வழங்கும் 'தன்மாத்திர' என்னும் சொல் தமிழ்ச் சைவ சித்தாந்தத்தில் பூதங்களுக்கும் நுண்ணியவாகிய ஐந்தைக் குறிப்பது. சித்தாந்தம் கற்றவர் அச்சொல்லை வேதியியலில் காணும்போது சற்றுத் தடுமாறவே செய்வர்.

இச்சொற்கள் பிறப்பதற்கு முன்னர்த் தமிழகத்தில் பல முயற்சிகள் நடந்தன. இராசாசி முதலியோர் 1916இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டனர். பின்னர் அவரே 'திண்ணை ரசாயனம்' எழுதினார். 1934இல் நெல்லையில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொல் தொகுதியை வெளியிட்டது. தென்திருவிதாங்கூரில் 1875இலேயே முழு நூலொன்று அச்சேறியிருந்தும் கெமிஸ்தம் என்னும் பெயர் நிலைக்கவில்லை. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராயிருந்த ச. வையாபுரிப் பிள்ளை 1951இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராக இந்நகருக்கு வந்தார். அவர் வந்த ஐந்தாண்டுக்குள், 1956 நவம்பர் 1இல், நாகர்கோவிலும் மணவாளக்குறிச்சியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கெமிஸ்தம் அச்சேறிய ஊர் ஒரு மாநிலத்திலும் அதன் பழைய தலைநகர் மற்றொரு மாநிலத்திலும் ஆயின. திருவனந்தபுரத்தில் இன்றும் தமிழ்வழியில் பயிலும் மாணாக்கர் உள்ளனர். அவர்கள் தம் வகுப்பில் வாய்பாடு என்றும், அடுத்த வகுப்பில் ராசசூத்திரம் என்றும் கேட்கின்றனர். இரு வகுப்பின் கரும்பலகையிலும் பெர்சீலியசின் உரோம எழுத்துக்களே எழுதப்படுகின்றன.